நூலகத்துக்கு இலக்கணம் கண்ட சீர்காழியார்

நெய்வேலியிலிருந்து வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் சென்று, கொள்ளிடத்தைக் கடந்தால் சீர்காழி வந்துவிடும். திருஞானசம்பந்தர் அவதரித்த பதி என்றும், அருணாசலக் கவிராயர் வாழ்ந்த ஊர் என்றும் நாம் அதனை அறிவோம். உலகெங்கும் நூலகத் துறையில் பணியாற்றுவோர் அவ்வூரை வேறொரு காரணத்தால் அறிவர். ஆங்கிலேயர் காலத்து வழக்குப்படி அவர்கள் அதனைச் சியாலி என்பர். எஸ். ஆர். அரங்கநாதன் என்னும் பெயரின் முதல் எழுத்தில் மறைந்திருப்பது அந்த ஊரே. இரண்டாம் எழுத்து அவருடைய தந்தையார் இராமாமிர்தத்தைக் குறிக்கும்.

நான் நூலகத் துறையைச் சேர்ந்தவன் அல்லேன், கணித ஆசிரியன். அரங்கநாதனாரும் கணித ஆசிரியராக, அதுவும் அரசு கல்லூரி ஆசிரியராகத் தம் வாழ்வைத் தொடங்கியவர். அவர்பால் எனக்கு முதலில் ஈர்ப்பு ஏற்பட்டது அதனால்தான். ஆயினும் அவரை ஊன்றிக் கற்க நேர்ந்தது வேறொரு தேவையை முன்னிட்டு. நெய்வேலி நகரியத்தில் நான் குடியிருக்கும் வட்டத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு படிப்பகம் நடத்தி வருகிறோம். அங்குள்ள நூல்களின் பதிவுகளைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. எந்த மென்பொருளில் ஏற்றுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து. இந்தியாவில் நூலகக் கலைக்கு வித்திட்டவர் இதற்கு என்ன வழி காட்டுவார் என்று தேடிப் போனேன். ஆதலின் அவர் வரலாற்றைச் சொல்லி, அதிலிருந்து நான் பெற்ற விடையையும் இங்கே சொல்லக் கருதுகிறேன்.

இளமையும் கல்வியும்

1892-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அரங்கநாதனார் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். சீர்காழியில் பள்ளிக் கல்வி முடித்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். 1913-இல் பி.ஏ. பட்டமும் 1916-இல் கணிதத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றார். அங்கே அவருக்குக் கணிதம் கற்பித்த எட்வர்டு ராஸ் என்னும் பேராசிரியரை அவர் வாழ்நாள் முழுவதும் குருவாகவே போற்றினார்.

சிறு வயது முதல் அவருக்குத் திக்குவாய் இருந்தது. வகுப்பறையில் நின்று பேசவேண்டிய தொழிலுக்கு அது எத்தகைய தடை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அத்தடையை அவர் விடாமுயற்சியால் வென்றார். சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்று, 1917-இல் மங்களூர் அரசு கல்லூரியில் பணியில் அமர்ந்தார். பின்னர்க் கோயம்புத்தூர் அரசு கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். அரசு கல்லூரியில் பயிலும் மாணவர்களே, நும்மைப் போன்றோர் அமர்ந்த வகுப்பறைகளில்தான் அவர் முதலில் சுண்ணக்கட்டி பிடித்தார்.

விரும்பாமல் ஏற்ற பதவி

சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்கு முழுநேர நூலகர் ஒருவரை நியமிக்க முன்வந்தது. கல்லூரி ஆசிரியப் பணியைவிட அதற்கு ஊதியம் கூடுதல். நண்பர்களின் தூண்டுதலால் அரங்கநாதனாரும் விண்ணப்பித்தார். விண்ணப்பித்தவர் பலர், முறையான நூலகப் பயிற்சி பெற்றவர் எவருமிலர். 1924 ஜனவரியில் அவர் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார்.

மாணவர் குரலுக்குப் பழகிய ஆசிரியருக்கு ஆளரவமற்ற அந்தக் கூடம் சிறை போலத் தோன்றிற்று. ஒரு வாரத்துக்குள் மாநிலக் கல்லூரி முதல்வரிடம் சென்று, மீண்டும் ஆசிரியப் பணிக்கே திரும்ப விரும்புவதாகச் சொன்னார். பல்கலைக்கழகம் அவரைப் பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருந்தது. அங்கே சென்று வந்த பின்னும் இதே எண்ணம் இருந்தால் திரும்பிவரலாம் என்று முதல்வர் அமைதி கூறி அனுப்பினார். அரங்கநாதனார் சென்றார். திரும்பி வந்தபோது அவர் வகுப்பறையைக் கேட்கவில்லை.

விளையாட்டுப் பொருளில் பிறந்த எண்ணம்

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் பயின்ற அவர், குராய்டன் நகர நூலகத் தலைவர் பெர்விக் சேயர்ஸ் என்பாரின் வழிகாட்டுதலைப் பெற்றார். நாட்டிலுள்ள பல நூலகங்களைச் சென்று கண்டார். பெரும்பாலும் அங்கெல்லாம் அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறையோ, அதைப் போன்ற வேறொன்றோ கையாளப்பட்டது. அம்முறையில் அறிவுத் துறைகள் அனைத்தும் முன்கூட்டியே அறை அறையாகப் பிரித்து எண்ணிடப்பட்டிருக்கும். புதிய நூல் ஒன்று வந்தால் அதற்கேற்ற அறையைத் தேடவேண்டும். இரண்டு பொருள்களைச் சேர்த்து ஆராயும் நூல் வந்தால் இடர்ப்பாடுதான்.

ஒரு நாள் இலண்டனில் செல்பிரிட்ஜஸ் என்னும் பேரங்காடியில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளை அவர் கண்டார். துளையிட்ட சில பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள், அவ்வளவே. அவற்றை ஒருவாறு இணைத்தால் பாலம். வேறொருவாறு இணைத்தால் வண்டி. நூலின் பொருளையும் இப்படித்தானே அமைக்க வேண்டும் என்று அவர் சிந்தித்தார். எல்லாப் பொருளுக்கும் முன்னதாக எண் எழுதி வைக்கவேண்டியதில்லை. அடிப்படைக் கூறுகளை மட்டும் பட்டியலிட்டு, நூலுக்கேற்ப அவற்றை இணைத்துக்கொண்டால் போதும். அந்த இணைப்புக்கு முக்காற்புள்ளியைக் குறியாகக் கொண்டார். அதனால் அது கோலன் பகுப்பு முறை எனப் பெயர் பெற்றது. 1925-இல் தாயகம் திரும்பியபின் பல்கலைக்கழக நூலகத்திலேயே அதனைச் சோதித்துச் செம்மைப்படுத்தி, 1933-இல் நூலாக வெளியிட்டார்.

எந்தப் பொருளும் ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து நோக்குகளுக்குள் அடங்கும் என்பது அவர் பின்னர்க் கண்ட முடிபு. நமக்கு அருகிலிருந்தே சான்று காட்டலாம். 1960-களில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் நிலத்தடி நீரை இறைத்த முறை பற்றி ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். சுரங்கம் என்பது ஒரு கூறு, நிலத்தடி நீர் ஒரு கூறு, இறைத்தல் என்னும் செயல் ஒரு கூறு, நெய்வேலி இடம், 1960-கள் காலம். ஒவ்வொரு கூறும் தனித்தனியே நிற்கும். ஒன்றாகச் சேர்ந்தால் நூலின் பொருளைச் சொல்லும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்துப் பாட்டை வகுத்த மரபில் வந்த நமக்கு இடமும் காலமும் அடிப்படைக் கூறுகள் என்பது புதுமையாகத் தோன்றாது.

ஐந்து விதிகள்

1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அதன் உயிர்நாடியாக இருந்தவர் அரங்கநாதனார். 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை விளக்கும் அவருடைய நூல் வெளிவந்தது. அவ்விதிகளின் சாரத்தை என் சொற்களில் சொல்கிறேன். பூட்டி வைப்பதற்கென்று எவரும் நூல் எழுதுவதில்லை. ஆகவே அலமாரிகள் திறந்திருக்க வேண்டும். யார் உள்ளே வந்தாலும் அவருக்குப் பயன்படும் நூல் ஒன்று அங்கே கிடைக்கவேண்டும். எவரும் தொடாமல் நிற்கும் நூலுக்கும் அதை விரும்பக்கூடிய ஒருவரைத் தேடிக் கொடுப்பது நூலகர் கடன். வந்தவரின் பொழுதை வீணாக்கலாகாது. கட்டி முடித்துச் சாவி கொடுத்துவிடும் கட்டடம் போன்றதன்று நூலகம். அது வளர்ந்துகொண்டே இருக்கும்.

இவை ஏட்டில் மட்டும் நின்றவை அல்ல. பல்கலைக்கழக நூலகத்தில் வாசகரே அலமாரிக்குச் சென்று நூலை எடுக்கலாம் என்ற முறையை அவர் கொணர்ந்தார். திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தார். 1936-இல் நூலகம் கடற்கரைச் சாலையில் தனக்கென அமைந்த கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. இரண்டு பத்தாண்டுகள் அவர் விடுப்பே எடுக்காமல் உழைத்தார் என்றும், தம் திருமண நாளன்றுகூடப் பணிக்கு வந்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

மாட்டு வண்டியில் வந்த நூலகம்

அவர் காலத்து நிகழ்ச்சி ஒன்று என் சிந்தையில் ஆழப் பதிந்தது. 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் ஒன்றைத் தொடங்கினார். அரங்கநாதனாரின் இயக்கம் ஊட்டிய ஊக்கத்தில் விளைந்தது அது. மேனாடுகளில் அந்நாளிலேயே மோட்டார் வண்டி நூலகங்கள் ஓடின. அத்தகைய வண்டி ஒன்று தஞ்சைக் கிராமத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெட்ரோல் கிடைக்காத நாளில் நின்றிருக்கும். அச்சு முறிந்தால் செப்பனிட ஆளின்றித் துருப்பிடித்திருக்கும். மாட்டு வண்டியோ ஊருக்கு ஊர் உண்டு. சக்கரம் கழன்றால் உள்ளூர்த் தச்சரே மாட்டிவிடுவார். ஓட்டுபவர் இல்லாவிட்டால் அடுத்தவர் ஓட்டுவார். வண்டிக்குள் இருந்த நூல்கள் எந்த நகர நூலகத்திலும் வைக்கத் தகுந்தவை. அவற்றைச் சுமந்த வண்டி அந்த ஊரே பேணக்கூடியது. கருவியைத் தேர்ந்தெடுப்பவர் எவருக்கும் இதில் பாடம் உண்டு.

பட்டியலும் பெயர்களும்

நூலகத்தின் கண் அதன் பட்டியல். 1934-இல் அரங்கநாதனார் பட்டியலுக்கான விதிகளைத் தொகுத்து வெளியிட்டார். அந்நாளில் ஒவ்வொரு நூலுக்கும் ஏறத்தாழ 12.5 செ.மீ. நீளமும் 7.5 செ.மீ. உயரமும் உள்ள அட்டைகள் எழுதப்படும். நூலின் முழு விவரமும் அடங்கிய அட்டை ஒன்று; ஆசிரியர், தலைப்பு, பொருள் ஆகியவற்றால் தேடி வருவோர்க்கு வழிகாட்டும் சிற்றட்டைகள் பல.

பெயரில்தான் பெருஞ்சிக்கல். மேனாட்டார்க்குக் குடும்பப் பெயர் உண்டு. பட்டியலில் அது முன்னே நிற்கும். தமிழருக்கோ முதலெழுத்து ஊரையும் தந்தையையும் குறிக்கும். அழைக்கும் பெயர் கடைசியில் வரும். சிலர்க்குச் சாதிப் பட்டமும் ஒட்டியிருக்கும். சிலர் புனைபெயரில் மட்டுமே எழுதுவர். இந்தியப் பெயர்களை எவ்வாறு பதிவது என்பதற்கு அவர் தம் விதிகளில் இடம் தந்தார். அவருடைய பெயரே சான்று: அரங்கநாதன் என்பதே முன்னே வரவேண்டும், சியாலியும் இராமாமிர்தமும் பின்னே வரவேண்டும். இன்றும் கணினியில் பெயர் கேட்கும் படிவங்கள் முற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களை நீட்டும்போது நம் மாணவர்கள் தடுமாறுவதைக் காண்கிறோம். அச்சிக்கலை அட்டை காலத்திலேயே எதிர்கொண்டவர் அவர்.

பகுப்பு எண்ணின் படிகளைக் கீழிருந்து மேலாகப் பிரித்துப் பொருளகராதி ஆக்கும் சங்கிலி முறையையும் அவரே கண்டார். 1950-இல் தொடங்கிய பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டியல் அம்முறையைப் பல ஆண்டுகள் பின்பற்றியது.

பிற்கால வாழ்வு

1945-இல் சென்னைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அவரைக் காசி இந்துப் பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களை அங்கே அவரே பகுத்து ஒழுங்குபடுத்தினார் என்பர். 1947 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் கற்பித்தார். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. விடுதலை பெற்ற இந்தியாவில் அதுவே முதல் நூலகச் சட்டம். பல்லாண்டுகளாக அவர் முன்வைத்த கருத்துக்கு அன்றைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் சட்ட வடிவம் தந்தார். நாம் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரி சேர்வது அச்சட்டத்தின் விளைவே.

1957-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தாம் சேமித்த ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் பேராசிரியர் இருக்கை அமையத் தம் துணைவியார் சாரதா அம்மையார் பெயரால் வழங்கினார். 1962-இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சி பயிற்சி மையத்தை நிறுவினார். 1965-இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனார். 1972 செப்டம்பர் 27 அன்று இவ்வுலக வாழ்வை நீத்தார். ஆகஸ்டு 12 நம் நாட்டில் நூலகர் நாளாக அவர் நினைவில் கொண்டாடப்படுகிறது.

அவரைப் போற்றும்போது ஒன்றை மறைக்கலாகாது. அவருடைய பகுப்பு முறையின் எண்கள் நீண்டவை, சிக்கலானவை. பதிப்புக்குப் பதிப்பு மாறியவை. உலகின் மிகப் பல நூலகங்கள் இன்றும் டூயியின் முறையையே கையாள்கின்றன. அவர் அமைத்த குறியீடு பரவாவிட்டாலும், அதன் அடியில் இருந்த கருத்து எங்கும் பரவிவிட்டது. இணைய அங்காடியில் விலை, நிறம், அளவு என்று ஒவ்வொரு கூறாகத் தட்டித் தேடுகிறோமே, அது கூறுகளாகப் பிரித்து இணைக்கும் அவர் நெறியின் உறவுதான். குறியீடு என்னும் கூடு பழையதாகிவிடும்; தெளிவாகப் பிரித்து எழுதிய செய்தி வாழும். எங்கள் படிப்பகத்துக்கான விடையை இங்கேதான் கண்டேன்.

அட்டையிலிருந்து கணினிக்கு

அரங்கநாதனார் மறைந்தபோது நம் நூலகங்களுக்குக் கணினி பரவலாக வந்திருக்கவில்லை. அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் ஹென்றியெட் ஆவ்ரம் என்னும் அம்மையார் 1960-களில் மார்க் என்ற கணினிப் பதிவு முறையை உருவாக்கினார். அத்தகைய பதிவுகளை நூலகங்கள் தம்முள் பரிமாறிக்கொள்ள 1973-இல் ஐ.எஸ்.ஓ. 2709 என்னும் பன்னாட்டுத் தரம் வெளிவந்தது. 1985-இல் யுனெஸ்கோ நிறுவனம் சிறு கணினிகளுக்கான சி.டி.எஸ். ஐசிஸ் மென்பொருளை வெளியிட்டு, வளரும் நாடுகளுக்கு இலவசமாக வழங்கியது. இந்தியாவில் நிசாட் என்னும் மைய அரசின் தகவல் திட்டம் அதனைப் பரப்பியது. ஒரே நூலுக்கு ஆசிரியர் மூவர் இருந்தால் மூவரையும் பதியலாம். தலைப்பு நீளமாயின் நீளமாகவே எழுதலாம். நூல் விவரத்தின் இயல்பறிந்து செய்த எளிய கருவி அது. நம் நாட்டு நூலகங்கள் பலவற்றில் கணினிப் பட்டியலின் முதற்பாடம் அதுவே.

பின்னர் அக்கருவி பழையதாயிற்று. பதிவுகளைப் பொதுத் தரத்தில் வெளியே எடுக்க முடிந்ததால், அவற்றைப் புதிய மென்பொருளுக்கு மாற்ற வழி இருந்தது. ஆனால் நான் அறிந்த நூலகம் ஒன்றில் வேறு கதை நடந்தது. அதன் பெயர் இங்கு வேண்டா. தனியார் ஒருவர் எழுதிக் கொடுத்த மென்பொருளில் அங்கே பல்லாண்டுப் பதிவுகளை ஏற்றினார்கள். எழுதியவர் தொழிலை விட்டுச் சென்றார். கணினி பழுதானது. புதிய கணினியில் அம்மென்பொருள் இயங்கவில்லை. பதிவுகளை வெளியே எடுக்கும் வழியும் அதில் இல்லை. நூல்கள் அலமாரியில் இருந்தன, பட்டியல் தொலைந்தது. முதல் நூலிலிருந்து மீண்டும் எழுதினார்கள்.

தமிழ்ப் பதிவுகளுக்கு இன்னுமோர் இடர் இருந்தது. எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறு. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியீடுகளையும், 2010-இல் ஒருங்குறியையும் டேஸ் 16 என்பதனையும் தரமாக ஏற்றது. இன்று ஒருங்குறியில் எழுதினால் எந்தக் கணினியிலும் படிக்கலாம். எனினும் அகரவரிசையில் விழிப்பு வேண்டும். ஒருங்குறியின் எண் வரிசையில் னகரம், பகரத்துக்கு முன்னே நிற்கிறது. நம் நெடுங்கணக்கில் அது கடைசி மெய். கபிலர், கம்பர், கல்கி, கனகசபை என்று நிற்கவேண்டியவர்களைக் கணினி தன் போக்கில் விட்டால் கனகசபையை முதலில் நிறுத்திவிடும்.

எங்கள் தேர்வு

நெய்வேலியில் படிப்பகம் நடத்துவதற்கென்று ஒரு தனிச்சிக்கல் உண்டு. இங்குள்ள குடியிருப்புகள் நிறுவனத்துக்குரியவை. ஓய்வு பெற்றவர் வீட்டை ஒப்படைத்துவிட்டுச் சொந்த ஊருக்கோ, பிள்ளைகள் இருக்கும் நகரத்துக்கோ செல்வர். 1998-இல் தொடங்கி ஆண்டுதோறும் நடைபெற்ற புத்தகக் கண்காட்சியில் ஆசையோடு வாங்கிய நூல்களை எல்லாம் அவரால் உடன் கொண்டுசெல்ல இயலுவதில்லை. அப்படித் தந்துவிட்டுச் சென்ற நூல்களே எங்கள் படிப்பகத்தின் பெருஞ்செல்வம். சில ஆயிரம் இருக்கும். தருபவர் போய்விடுவார். பேணுபவரும் ஒருநாள் போய்விடுவார். இன்று பதிவு செய்பவர் யாரென்றே அறியாத ஒருவர் நாளை அதனைத் தொடரவேண்டும். எங்கள் தேர்வின் மையம் இதுதான்.

நண்பர்கள் முன்வைத்த வழிகள் மூன்று. முதலாவது, கட்டம் போட்ட அட்டவணைத் தாள் மென்பொருள். எல்லோர்க்கும் தெரிந்தது, எளியது. ஆனால் மூல ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், தொகுப்பாசிரியர் என்று ஒரு நூலுக்குப் பலர் உரியவராகும்போது எல்லோரையும் ஒரே கட்டத்தில் திணிக்கவேண்டி வரும். நம் மாவட்டத்துத் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனைச் சொ. விருத்தாசலம் என்று தேடுவோர்க்கும் காட்டவேண்டும். அட்டவணைத் தாளில் அது எளிதன்று.

இரண்டாவது, கோஹா போன்ற முழுமையான நூலக மென்பொருள். நியூசிலாந்தில் ஒரு சிற்றூர் நூலகத்துக்காக 1999-இல் உருவாகி, எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் வண்ணம் வெளியிடப்பட்டது அது. நூல் வாங்குதல், வழங்குதல், மீட்டல் அனைத்தும் அதில் உண்டு. பயிற்சி பெற்ற நூலகரும், ஓயாமல் இயங்கும் கணினியும், அதைக் கவனிக்க ஓர் ஆளும் உள்ள கல்லூரிக்கு அது தக்கது. மாலையில் இரண்டு மணி நேரம் திறக்கும் படிப்பகத்துக்கு அது மன்னார்குடி வயல் வரப்பில் வந்து நிற்கும் மோட்டார் வண்டியே.

மூன்றாவதையே தேர்ந்தோம். எஸ்.கியூ.லைட் என்பது 2000-இல் ரிச்சர்டு ஹிப் என்பவர் வெளியிட்ட தரவுதள மென்பொருள். விலையில்லை, உரிமத் தடையில்லை. முழுத் தரவுதளமும் ஒரே கோப்பாக இருக்கும். அதனை அப்படியே படியெடுத்து வேறொரு கணினிக்குக் கொண்டுபோகலாம். உங்கள் கைப்பேசிக்குள்ளும் அது இருக்கிறது. தரவுகளை நெடுங்காலம் பாதுகாக்க ஏற்ற வடிவங்களுள் ஒன்றாக அமெரிக்கக் காங்கிரசு நூலகமே அதனைப் பரிந்துரைக்கிறது.

அதனுள் நாங்கள் வைத்த அட்டவணைகள் சிலவே. நூலுக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று. எந்த மனிதர் எந்த நூலுக்கு ஆசிரியர், எதற்கு மொழிபெயர்ப்பாளர் என்று இணைப்பதற்கு ஒன்று. நூலையும் பொருளையும் இணைப்பதற்கு ஒன்று. ஒருவருக்குரிய வேறு பெயர்களை எழுத ஒன்று. அகரவரிசைக்கென்று ஒவ்வொரு பெயருக்கும் தனித் திறவு ஒன்றும் சேர்த்தோம். முதலாண்டுக் கணித மாணவர் கணங்களையும் உறவுகளையும் கற்கிறீர்கள் அல்லவா? 1970-இல் எட்கர் காட் என்னும் அறிஞர் அந்த உறவுக் கோட்பாட்டின் மீதே இத்தகைய தரவுதளங்களுக்கு அடித்தளம் இட்டார். மெக்கானோவின் பட்டைகளும் திருகாணிகளும் எனக்கு இங்கே நினைவுக்கு வந்தன.

இதற்கும் எல்லை உண்டு. பல இடங்களிலிருந்து பலர் ஒரே நேரத்தில் எழுதவேண்டிய நிலை வந்தால் இக்கருவி போதாது. அந்த நாள் வரும்போது பதிவுகளை வேறு மென்பொருளுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியும் என்பதாலேயே இதனைக் கொண்டோம். திங்கள்தோறும் எல்லாப் பதிவுகளையும் சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்கிறோம். எந்த மென்பொருளும் இல்லாமல் அதனைப் படிக்கலாம். ஆண்டுக்கொரு முறை தாளிலும் அச்சிட்டுக் கட்டி வைக்கிறோம்.

மென்பொருளை அமைக்கச் சில மாலைகளே பிடித்தன. நூல்களைப் பதியப் பல மாதங்கள் ஆயின. இந்த ஆசிரியரும் அந்த ஆசிரியரும் ஒருவர்தாமா? இந்த நூல் எந்தப் பொருளைச் சொல்கிறது? தேடி வருபவர் என்ன சொல்லைச் சொல்லித் தேடுவார்? இக்கேள்விகளுக்குக் கணினி விடை சொல்லாது. நூலைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தவரே சொல்லவேண்டும். அரங்கநாதனார் தம் ஆயுளைச் செலவிட்டது அந்த உழைப்பில்தான்.

மாணவர்களுக்கு

நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே நீர் பேரழுத்தத்துடன் நிற்கிறது. இரவு பகலாகப் பம்புகள் அதனை இறைத்துக்கொண்டிருப்பதால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கிறது. நூற்பட்டியலும் அத்தகையதே. வந்த நூலை அன்றே பதியவேண்டும். தொலைந்த நூலை அன்றே குறிக்கவேண்டும். ஓராண்டு விட்டுவிட்டால் அலமாரி ஒன்று சொல்லும், பட்டியல் மற்றொன்று சொல்லும்.

ஆகவே, நும் ஊரில் ஒரு வாசகசாலைக்கோ, துறை நூலகத்துக்கோ இப்பணி செய்யும் வாய்ப்பு வருமாயின், மென்பொருளின் பெயரைக் கேட்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இம்மென்பொருள் நாளை மறைந்தால் பதிவுகள் நம்மிடம் இருக்குமா? நமக்குப் பின் வருபவர் ஒரு நாளில் இதனைக் கற்றுக்கொள்வாரா? நூல்கள் பெருகினாலும் புதிய செய்திகளைச் சேர்க்க இதில் இடம் இருக்குமா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால் தயங்காமல் தொடங்குங்கள்.

எங்கள் படிப்பகத்தில் கணினியின் அருகே ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். கோப்பு எங்கே இருக்கிறது, புதிய நூலை எவ்வாறு பதிவது, படி எடுப்பது எப்படி என்பனவற்றை அதில் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதியுள்ளோம். எழுதியவர் பெயர் அதில் இல்லை. அடுத்து வருபவர் திருத்தி எழுதுவதற்காகக் கீழே பாதித் தாளை வெறுமையாக விட்டிருக்கிறோம்.